மோடத்துக்கு வைத்த சந்தனம்

எங்கள் ஊர் தர்மனுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பெருமை வேறொன்றில். காட்டோர மரத்தில் ஒரு கேமரா இருக்கிறது. யானையைக் கண்டால் படமெடுத்து, தர்மன் வீட்டு லேப்டாப்பில் செருகிய மோடத்துக்கு அனுப்பும். அங்கிருந்து ஊரார் போன்களுக்கெல்லாம் செய்தி போகும். லேப்டாப் அவன் தங்கை படித்தபோது இலவசமாக வந்தது, கிழடு. ஆனாலும் அதன் புண்ணியத்தில் ராகிக் காவலுக்குப் போன ஒருவரும் மிதிபடவில்லை. செய்தி வந்தால் வீட்டுக்கு ஓடுவோம். வராவிட்டால் யானை இல்லை. அப்படியே பழகிவிட்டோம், அது நல்ல பழக்கமில்லை என்று இப்போது சொல்லி என்ன?

ஆயுதபூசையன்று தர்மன் ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். சோறு போடும் சாமானுக்கு வைத்துவிட்டு உயிர் காக்கும் சாமானை விடலாமா என்று, மோடத்தையும் கழற்றித் தாராளமாக அப்பினான். பண்டிகை என்று அன்று யாரும் காவலுக்குப் போகவில்லை. மறுநாள் எடுத்துச் செருகினால், லேப்டாப்புக்கு மோடத்தை அடையாளமே தெரியவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

அவன் சந்தேகம் டிரைவர் மேல் போனது. மோடத்தை லேப்டாப்போடு பேசவைக்கும் மென்பொருள் அது. அழித்தான், மறுபடி ஏற்றினான், ரீஸ்டார்ட் செய்தான். இந்தக் கிழட்டு லேப்டாப்புக்கு வேறு டிரைவர் வேண்டுமோ என்று தோன்றியது. அதை இறக்க நெட் வேண்டும். நெட் தரவேண்டிய மோடமோ செத்துக் கிடக்கிறது. அவனிடம் இருந்தது பட்டன் போன்.

வெயில் தாழ்ந்ததும் மனைவி ரேவதி காவலுக்குக் கிளம்பினாள். நெட்டுக்காக அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டான்.

"போனு இல்லாம ஆனை வர்றத நான் எப்புடிங்க தெரிஞ்சிக்கிறது?"

"மோடம் ஓடுனாத்தான மெசேஜே வரும்? நீ போ புள்ள. சரிபண்ணிட்டு, இருட்டறதுக்குள்ள நானே கொண்டாந்து குடுக்கறேன்."

ஊரில் வேறு யாரிடமும் அவன் மூச்சுவிடவில்லை. சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமாம். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

புது டிரைவர் இறங்கியது, ஏறியது, பயனில்லை. காட்டுப் பக்கம் நாய்கள் விடாமல் குரைத்தன. பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல் அடங்கின. தர்மன் திரையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

வெளிச்சம் மங்கும்போதுதான் எரிச்சலில் மோடத்தைப் பிடுங்கி விளக்கடியில் பார்த்தான். செருகும் முனைக்குள் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஊக்கால் சுரண்டி, துணியால் துடைத்துச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. சிரித்தேவிட்டான்.

தேங்கிக் கிடந்த படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. முதலில் ஒரு தும்பிக்கை. அடுத்து, குட்டியோடு ஒரு யானை. கடைசிப் படத்தில் ஒரு வால் மட்டும். அவை கேமராவைத் தாண்டி அவன் ராகிக் கொல்லைப் பக்கம் இறங்கியிருந்தன. படமெடுத்த நேரத்தைப் பார்த்தான். ரேவதி கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எடுத்தது.

ஆனை வருது, கொல்லையில இருக்கறவங்க வூட்டுக்கு வந்துருங்க என்ற செய்தி ஊரெங்கும் போன்களில் ஒலித்தது. அவன் முழங்கைக்குப் பக்கத்தில், ரேவதியின் போனிலும் ஒலித்தது.