சாமி இல்லாமல் கடலுக்கு

எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் மாசி மாதம்தான். கல்வராயன் மலை அடிவாரத்தில், மரவள்ளியும் கரும்பும் மக்காச்சோளமும் விளைகிற ஊர். மாசி மகத்தன்று சாமியைத் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்குத்தான் தூக்கிப்போவோம். சாமியை முக்கி எடுக்கிற அளவுக்கு ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷங்களில் மட்டும் லாரி பிடித்துக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் மழை பொய்த்த வருஷங்கள் எல்லாம் நாங்கள் கடல் பார்த்த வருஷங்கள். கல்யாணமான நாற்பத்துநான்கு வருஷத்தில் நானும் என் மனைவியும் ஒன்பது முறை கடல் பார்த்திருந்தோம். அவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பத்தாவது முறை போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த முறை சாமி வரவில்லை. மாசியும் இல்லை, சித்திரை.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் கள்ளக்குறிச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தோம். அப்போது பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். அதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். பெரிய தண்டனை தண்ணீர். உடம்பை விட்டு வெளியேறாத தண்ணீர் நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும் என்பதால் ஒரு நாளைக்கு நான்கு சிறிய டம்ளர்தான். காப்பி, ரசம், மாத்திரை விழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். அளந்து கொடுக்கிற வேலை என்னுடையது. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் கரும்பு வண்டிகளை ஏற்றி இறக்கியவனுக்கு அது பெரிய காரியமில்லை. எனக்குத் தெரியாமல் அவள் ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. சில நாள் இட்லிப் பானையில் ஆவி எழும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பார்ப்பது தெரிந்தால் அடுப்பைத் துடைப்பாள்.

பங்குனியில் ஒரு நாள், இனி அந்த மிஷினுக்கு வரவில்லை என்றாள். நான் பயந்துபோய்ப் பிள்ளைகளுக்குப் போன் செய்தேன். மகன் சென்னையிலிருந்தும் மகள் சேலத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் பேசி அழுதார்கள். அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். நான்கு நாள் கழித்து, கடலைக் கூட்டம் இல்லாமல் ஒரு தடவை பார்க்க வேண்டும், அதுவரை மிஷினுக்கு வருகிறேன், அதற்கப்புறம் வருவதா வேண்டாமா என்று கடலைப் பார்த்துவிட்டு அங்கேயே சொல்கிறேன் என்றாள். எனக்கு அது நல்ல பேச்சாகத்தான் பட்டது. கடலைப் பார்க்க ஆசைப்படுகிறவளுக்கு உயிரோடு இருக்கவும் ஆசை இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

செவ்வாய் முடிந்து மறுநாள் புதன்கிழமை கிளம்பினோம். அன்றைக்குத்தான் உடம்பில் தண்ணீர் கம்மியாக இருக்கும். இரண்டு தண்ணீர் பாட்டில், ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு அளந்து ஊற்றியது. எலவனாசூர்கோட்டையில் பஸ் கால் மணி நேரம் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனவர் தட்டில் வடையோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லி நான் புலம்பியபோது, உங்களையா ஓட்டச் சொன்னாங்க என்று கேட்டுவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உளுந்தூர்பேட்டையில் ஒரு பஸ், கடலூரில் ஒரு பஸ் என்று மாறி, நாங்கள் வழக்கமாகச் சாமியோடு போகிற மீனவர் கிராமத்தில் இறங்கியபோது மணி பதினொன்றரை.

இறங்கியதும் செய்த தவறு புரிந்தது. கடல் என்றால் குளிர்ந்த காற்று அடிக்கும், மோர்ப்பந்தல் இருக்கும், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் என்றே நினைத்திருந்தேன். நான் பார்த்த ஒன்பது தடவையும் அப்படித்தான் இருந்தது. அவை அத்தனையும் மாசி மகத்து நாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. சித்திரைக் கடலோரம் வேறு. எங்கள் ஊர் வெயில் தோலைத் தீய்க்கும், ஆனால் வேர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே ஈரத் துணியைச் சுற்றிவிட்டது போல உடம்பு முழுக்க ஒழுகியது. ஒழுக ஒழுக நா தவித்தது. எங்களை இறக்கிய பஸ் திரும்பிப் போய்விட்டால் அடுத்தது ஐந்து மணிக்குத்தான் என்று கண்டக்டர் சொன்னார். அதிலேயே திரும்பிவிடலாம் என்றேன். அவள் அதற்குள் கோயில் தாண்டி மணலில் இறங்கியிருந்தாள்.

மீன்பிடித் தடைக்காலம் அது. பெரிய படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்குமாம். சிறியவை போகலாம் என்றாலும் பாதிக்கு மேல் மணலில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், பதினேழு படகு. மாசி மகத்தில் சாமிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் இரண்டு ஆடுகள் நின்றன. எங்கள் சாமியை எந்த இடத்தில் இறக்குவோம் என்று தேடினேன். பந்தல்காலும் மைக்செட்டும் இல்லாமல் எல்லா இடமும் ஒன்றாகவே இருந்தது.

அவள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்த இடது கையை நனையாமல் நெஞ்சோடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொண்டாள். ஒன்பது தடவையும் கூட்டம் நெருக்கித் தள்ள, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு ஏறியதோடு சரி. அலை எப்படித் திரும்பிப் போகிறது என்று பார்த்ததே இல்லை என்றாள். வெகுநேரம் அதையே பார்த்தாள். அழைத்து வந்தது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது.

கரையேறியதும் அவளுக்கு நடை தள்ளாடியது. ஓலைக் கொட்டகையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி வலையை மடியில் போட்டு அறுந்த இடங்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். கள்ளக்குறிச்சிப் பக்கம் என்றதும் சிரித்துவிட்டாள்.

“மாசிக்கு லாரில வர்றவங்களா? சாமியெல்லாம் எங்க, நீங்க ரெண்டு பேரும் தனியா வந்துட்டீங்க?”

“சாமிக்கு லீவு கெடைக்கலம்மா” என்றாள் என் மனைவி.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பங்குனிக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் கேட்டேன். பேசிக்கொண்டே அந்தப் பெண் எழுந்து பின்னாலிருந்த வீட்டுக்குள் போய், பெரிய பித்தளைச் சொம்பு நிறையப் பானைத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சொம்பு வெளியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. என் மனைவியின் கை தானாக நீண்டது. நான் குறுக்கே கையை வைத்துச் சொம்பின் வாயை மூடிவிட்டேன். வேண்டாம், எங்களிடம் தண்ணீர் இருக்கிறது என்று பையைக் காட்டினேன்.

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எதனால் மாறியது என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. நிலபுலம் உள்ள வீட்டு ஆள் என்பது என் வேட்டியிலும் பேச்சிலும் தெரியும். எங்கள் ஊரில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள், யார் கொண்டுபோன பாட்டிலைத் திறப்பார்கள் என்பது இன்றும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இவளுக்கும் தெரிந்திருந்தது.

“எங்க வூட்டுத் தண்ணி ஆவாதுங்களா?” என்றாள். கோபமே இல்லை. சொம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நான் அது இல்லை என்று தொடங்கினேன். டாக்டர் என்ற சொல் வாயில் இருந்தது. அதற்குள் என் மனைவி எழுந்து, அவள் கையிலிருந்து சொம்பை வாங்கி, அண்ணாந்து குடித்தாள். நடுவில் நிறுத்தவில்லை. கழுத்து வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது. தொண்டைக்குழி ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே நின்றேன். பத்தொன்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டி, “தேன் மாதிரி இருக்குது. கெணறா, போரா?” என்றாள்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், ஊற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கிட்னி விஷயத்தைச் சொன்னேன். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். சொம்பைத் தூக்கிக் கொடுத்த தன் கையைத் திட்டினாள். ஆட்டோ பிடித்துக் கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், தன் வீட்டுக்காரரை எழுப்புகிறேன் என்று கிளம்பினாள். என் மனைவி அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நீ ஒண்ணும் பண்ணல. வாங்கிக் குடிச்சது நானு. செத்த படுத்துக்க எடம் குடு.”

வீட்டுக்குள் பாய் விரித்துக் கொடுத்தாள். என் மனைவி தூங்கிவிட்டாள். வீட்டில் அவளுக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். நா ஒட்டிக்கொண்டு எழுப்பிவிடும். இங்கே வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட விட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தேன். அந்தப் பெண் ஓசைப்படாமல் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சொம்பு முக்கால் லிட்டர் இருக்கும். வெள்ளிக்கிழமை மிஷினில் அதையும் சேர்த்து உடம்பிலிருந்து எடுக்க வேண்டும். அதிகமாக எடுத்தால் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துக்கொள்ளும். துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள், சத்தம் வராது, கண்ணிலிருந்து மட்டும் ஒழுகும். காலை நான் தேய்த்துவிடுவேன். எத்தனை தடவை தேய்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தக் கணக்கை யாரிடமும் சொன்னதில்லை. இனி எத்தனை தடவை என்று அந்தப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து முதல்முறையாக யோசித்தேன். முடிவு தெரியாத எண்ணிக்கை அது. அவளுக்கு நன்மை என்று எந்தப் பக்கம் போட்டாலும் தட்டு இறங்கவில்லை.

நாலு மணிக்கு எழுந்தாள். கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தோம். அந்தப் பெண் எங்களைத் தனியே விட்டுவிட்டுப் படகுப் பக்கம் போய்விட்டாள்.

“வெள்ளிக்கெழம வரலீங்க. இங்க வந்து சொல்றேன்னு சொன்னேன் இல்ல, சொல்லிட்டேன்.”

சிகிச்சை இல்லாவிட்டால் பத்து நாளோ பதினைந்து நாளோதான் என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். அது தனக்கும் தெரியும் என்றாள். மகளுக்கு ஆடியில் பிரசவம் என்றேன். அவள் மணலைக் கிளறினாள். அது மட்டும்தான் அவளை அசைத்தது. பிறகு, மிஷினில் படுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையைத் தூக்க முடியாது, கையில் தெம்பு இல்லை, மகள்தான் தன்னையும் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் பார்த்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்கும் என்றாள்.

“என் நெலமை?” என்று கேட்டேன். கேட்கக் கூடாதென்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“உங்களுக்கு இன்னா. எண்றதுக்கு வேற எதனா கெடைக்கும்.”

சொல்லிவிட்டு என் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு அழுகை வந்தது. ஆடுகள் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டேன். அழுது முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். அப்புறம், நீங்கள் சரி என்று சொன்னால்தான் உண்டு, உங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டு போக மாட்டேன், ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் செய்துவிடுங்கள் என்றாள். பிள்ளைகளிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னாள்.

ஐந்து மணி பஸ் கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் கை காட்டிக் கூப்பிட்டார். நான் போனை எடுத்தேன். மிஷின் பகுதியில் இருக்கிற பெண்தான் பேசியது. எங்கள் குரல் அவளுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை காலை முதல் முறை, சாப்பிட்டுவிட்டு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள் என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். நாங்கள் வரவில்லை, எங்கள் முறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். இந்த வெள்ளி மட்டுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஐயா, அம்மாவிடம் நான் பேசலாமா என்றாள். நான் போனை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, யாருக்குக் கொடுப்பார்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

கேட்டேன். ரிஷிவந்தியத்துப் பக்கம் ஒரு பெண், இருபத்திரண்டு வயது, மூன்று வாரமாக இடம் இல்லாமல் பாண்டிச்சேரிக்கு அலைகிறதாம்.

“அந்தக் கட்டிலுக்கு நேரா ஏசி அடிக்கும். மிஷின்ல போட்டதும் ஜாஸ்தி குளுரும். அந்தப் பொண்ண ஒரு கம்பளி எடுத்துகினு வரச் சொல்லுங்க” என்றாள் என் மனைவி.

அதையும் சொன்னேன்.