இடது கையின் பழக்கம்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'ஐஸ்பெட்டி அக்கா' என்று பெயர். சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சைக்கிள்தான். பிரேக் என்றால் முதலில் இடது கை போகும்; அது பின்சக்கரத்துக்கு. வலது கை முன்சக்கரத்துக்கு. பெட்டி குலுங்கினால் ரத்தம் கெட்டுப்போகும் என்பதால், இடது கையாலேயே மெல்ல மெல்ல நிறுத்திப் பழகியிருந்தாள்.

புருஷன் சிறுநீரகக் கோளாறில் செத்துப்போனபோது அவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "கல்லு மாதிரி இருக்காளே" என்று காதுபடவே பேசினார்கள். கோபமும் வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது.

கொஞ்ச நாளில் ஊருக்கு வெளியே இருந்த கிளினிக்குகளும் அவள் தலையில் விழுந்தன. சைக்கிளில் போய்வருவதற்குள் ஐஸ் உருகிவிடும். வீட்டு வாசலில் புருஷனின் மோட்டார் சைக்கிள் தூசி படிந்து நின்றது. ஸ்கூல் வேன் ஓட்டும் நாத்தனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு அதைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள்.

"அண்ணி, நல்லா கேட்டுக்கோங்க. வலது கை முன் பிரேக், அது உங்க சைக்கிள் மாதிரிதான். பின் பிரேக் வலது காலுக்குப் போயிடுச்சு. இடது கையில இருக்கறது கிளட்ச். அதைப் பிடிச்சா வண்டி நிக்காது, கட்டவிழ்த்த மாடு மாதிரி போகும்."

"சரி," என்றாள். அவளுக்குப் புரிந்தது. கைக்குத்தான் புரியவில்லை.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. இடது கை முழு பலத்தோடு பிடித்தது. எஞ்சின் உறுமியது, வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் இறுக்கினாள். ஆஸ்பத்திரி போர்வைகள் காய்ந்துகொண்டிருந்த கொடிக்குள் புகுந்து, ஈரத் துணியோடு சரிந்தாள்.

சலவைக்காரர் ஓடி வந்தார். பெரிய அடியில்லை என்று தெரிந்ததும், "துணியைத்தான்மா துவைக்கக் கொண்டுவருவாங்க. நீங்களே வந்துட்டீங்க" என்றார்.

முழங்காலில் ரத்தம் வழிந்தது. யாருடைய சாம்பிளையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார்தான் அழுதாள்.

"அண்ணன் போனதுக்கும் அழல, முட்டி பேந்ததுக்கும் அழல. உங்களுக்கு வலிக்குதா இல்லையா அண்ணி?"

"தெரியலடி."

"கைக்குத் தொட்டில் பழக்கம், லேசுல விடாது," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தினாள் நாத்தனார். "ஏறுங்க."

ஏறினாள். நாளாக நாளாக வலது கால் தானாகவே அழுத்தக் கற்றுக்கொண்டது. தூரத்துக் கிளினிக்குகளுக்கெல்லாம் போய்வந்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. ஒரு நாளைக்குத்தானே என்று சைக்கிளை எடுத்தாள். பாலத்து இறக்கத்தில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. வலது கால் பிரேக்கைத் தேடி அழுத்தியது; அங்கே இருந்தது பெடல், வேகம்தான் கூடியது. வலது கை முன் பிரேக்கை நெரிக்க, பின்சக்கரம் மேலே தூக்கியது. எப்படியோ காலை ஊன்றி நின்றபோது, லாரியின் பின்கதவு முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

இடது கை வரவே இல்லை. கைப்பிடியில் சும்மா கிடந்தது.

அத்தனை வருஷப் பழக்கம் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போயிருந்தது. புருஷன் இருமும் சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். கடைசி மாதங்களில், நெஞ்சில் நீர் கோத்து, ஓயாமல் கேட்ட சத்தம். அதுவும் வரவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்ப் பெட்டியைச் சேர்த்தாள். சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"உங்கண்ணன் எப்படிடி இருமுவாரு?"

அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் இருமிக் காட்டினாள்.

"அப்படியில்ல. கடைசியில ஒரு இழுப்பு இருக்கும்."

"இப்படியா?"

"இன்னும் கொஞ்சம் கனமா."

அவளும் இருமிப் பார்த்தாள். மாறி மாறி இருமினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்று சொல்லிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மறுபடி இருமினாள்.