புடைக்காத சோளம்

பெரம்பலூர்–அரியலூர் சாலையில் உள்ள ஒரு தனியார் பள்ளிக்குப் பிச்சைமுத்து பதினேழு வருடமாக வேன் ஓட்டுகிறார். இத்தனை வருடத்தில் அவர் வண்டியில் ஏறிய எந்தப் பிள்ளைக்கும் முழங்காலில் ஒரு சிராய்ப்புகூட ஆனதில்லை. இதை அவர் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார்.

டீக்கடையில் இளவட்ட ஓட்டுநர்கள் கூடினால் அவருடைய பாடம் ஆரம்பமாகிவிடும். "வண்டி மோதிடுச்சா, மொதல்ல வாய மூடு. எறங்கி ஆளுக்கு அடிபட்டிருக்கான்னு பாரு. அப்புறம் நாலு பக்கமும் போட்டோ எடு, நம்பரக் குறிச்சுக்க. அதுக்கப்புறந்தான் வண்டிய நகட்டணும். கத்தறதெல்லாம் கடைசியா கத்திக்கலாம்." பையன்கள் அவருக்குப் 'போட்டோ அண்ணன்' என்றே பேர் வைத்திருந்தார்கள்.

அந்தப் போட்டோ அண்ணன் கைப்பேசியில் இன்றைக்கு இருப்பதெல்லாம் ஒரு வெறும் சாலையின் படம். துடைத்து வைத்த மாதிரி ஒரு சாலை. அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. இரண்டு நாளாக ஊரில் எல்லாரையும் திட்டித் தீர்த்தார், தன்னையும் சேர்த்து.

நடந்தது இதுதான். போன வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, காலி வேனோடு குன்னம் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். தை மாசம் பிறந்துவிட்டால் அந்தப் பக்கம் பாதிச் சாலை மக்காச்சோளத்துக்குத்தான் சொந்தம். களம் இல்லாதவர்கள் தாரில் கொட்டிக் காயவைத்து, சுற்றிலும் கல் அடுக்கிவிடுவார்கள். மற்ற வண்டிக்காரர்கள் ஓரத்து மணிகளை நசுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிச்சைமுத்துவுக்கு அது ஆகாது. சோளக்காட்டில் வளர்ந்த உடம்பு. தானியத்தின் மேல் டயரை ஏற்ற அவருக்கு மனசு வராது.

அன்றைக்கும் அவருடைய பக்கம் முழுக்கச் சோளம். எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஆடி அசைந்து வந்தது. அது போகட்டும் என்று கல்லுக்கு இந்தப் பக்கமே வேனை நிறுத்தினார். டிராக்டருக்குப் பின்னால் வந்த வெள்ளைக் காருக்கு அந்தப் பொறுமை இல்லை. விருட்டென்று இவர் பக்கம் ஏறி, கல்லைச் சிதறடித்து, சோளத்தின் மேலேயே ஓடிவந்து, நின்றுகொண்டிருந்த வேனின் முகத்தில் இடித்தது. பெரிய இடி இல்லை. வேனின் பம்பர் ஒடுங்கியது, காரின் விளக்கு நொறுங்கிச் சோளத்தில் கொட்டியது. யாருக்கும் அடி இல்லை.

பிச்சைமுத்து இறங்கினார். வாயை மூடிக்கொண்டுதான் இறங்கினார். கைப்பேசியை எடுத்துத் தூக்கிப் பிடித்த நேரத்தில், சோளத்துக்குக் காவல் இருந்த சம்பூர்ணம் ஓடிவந்தாள்.

"தம்பி, தம்பி, சோளத்தப் போட்டோ புடிச்சுடாதப்பா! ரோட்ல காயப்போட்டதாலதான் ஆக்சிடெண்ட்டுன்னு எம்மேல கேஸ் எழுதிடுவாங்க. ஒரு அஞ்சு நிமிசம். அள்ளிடறேன்."

அங்கேதான் அவர் ஏமாந்தார். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் கைப்பேசியைப் பைக்குள் போட்டார். அதோடு விட்டாரா? அள்ள இடம் வேண்டுமென்று வேனைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டிவிட்டு, சாக்கின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்பூர்ணம் துடைப்பத்தால் கூட்டிக் கூட்டி அள்ளினாள். அந்த அவசரத்தில் மணி எது, மண் எது என்று யார் பார்த்தார்கள்? நிமிர்ந்து பார்த்தபோது, கார்க்காரர் காரைப் பின்னால் எடுத்துத் தன் பக்கத்தில் ஒழுங்காக நிறுத்திவிட்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் கார்க்காரர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார். "சோளத்தச் சுத்தி வரேன்னு என் சைடுக்கு வந்து இடிச்சுட்டான் சார். ஸ்கூல் வேன் வேற. பசங்க உள்ள இருந்திருந்தா என்ன ஆகறது?"

ஏட்டு படத்தைக் கேட்டார். எல்லாம் அள்ளி முடித்த பிறகு எடுத்த வெறும் சாலையைத்தான் பிச்சைமுத்துவால் காட்ட முடிந்தது. டிராக்டர்காரன் நிற்காமலே போய்விட்டிருந்தான். மிச்சம் சம்பூர்ணம்தான். அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"நான் பாக்கலைங்கய்யா. வூட்டுக்குள்ள ஒல வச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் பள்ளித் தாளாளர் வேன் சாவியை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். "தப்பு ஒங்க மேல இல்லன்னு ஸ்டேஷன்லேருந்து எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லன்னா வேற ஆள் போடறத தவிர வழியில்ல. பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணும்." அதற்கு அவர் கொடுத்த கெடு திங்கட்கிழமை வரைக்கும்.

அநியாயம் செய்த கார்க்காரர் மேல்கூடப் பிச்சைமுத்துவுக்கு அவ்வளவு கோபம் இல்லை. பழக்கமில்லாத ஆள், பொய் சொன்னான், போகட்டும். யாருடைய தானியத்தைக் காப்பாற்ற நின்றாரோ, யாருக்குச் சாக்குப் பிடித்தாரோ, அவளே பார்க்கவில்லை என்று சொன்னதைத்தான் அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அந்தச் சம்பூர்ணமே ஒரு சின்ன மூட்டையோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சோளம் கொண்டாந்தேன் தம்பி. கோழிக்குப் போடலாம்."

"எனக்கு ஒங்க சோளம் வேணாம்க்கா. ஒரு வார்த்த கேட்டேன், அது இல்லன்னுட்டீங்க. எடுத்துட்டுப் போங்க!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அவள் மூட்டையைப் படியில் வைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அவர் மனைவி வளர்மதி மூட்டையை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். "நல்ல பொம்பள! குடுக்கறதுதான் குடுத்தா, பொடச்சுக் குடுக்கக் கூடாதா? ஒரே கண்ணாடியா கெடக்கு" என்று அலுத்துக்கொண்டாள்.

பிச்சைமுத்து வந்து பார்த்தார். சோள மணிகளுக்கு நடுவே கார் விளக்கின் சில்லுகள். ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டிய ஒரு துண்டு. இடி கார்க்காரர் பக்கத்தில் விழுந்திருந்தால், அவருடைய விளக்குக்கு இந்தச் சோளத்துக்குள் என்ன வேலை?

சில்லுகளைத் துண்டில் முடிந்துகொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினார். நிறுத்தத்தில் சம்பூர்ணம் நின்றுகொண்டிருந்தாள்.

"பொடைக்காம ஏன்க்கா கொண்டாந்தீங்க?"

"மொறத்தக் கையில எடுத்தேன் தம்பி. பொடச்சா ஒன் சாட்சியும் குப்பைக்குப் போயிடுமேன்னு அப்புடியே கட்டிட்டேன்."

அவருக்கு ஆறுதலாக இல்லை. ஆத்திரம்தான் கூடியது. "கண்ணாடிய மூட்ட கட்டத் தெரியுது, வாயத் தொறக்கத் தெரியலையா? இது எங்க கெடந்துச்சுன்னு நான் சொன்னா எவன் நம்புவான்? பதினேழு வருசம்க்கா! ஒங்க சோளத்து மேல டயரு படக் கூடாதுன்னு நின்னேன். இன்னிக்கு எஞ்சோத்துல மண்ணு விழுது."

"எம்மேல கேஸ் போட்டாங்கன்னா?"

"போட்டா நானும் கூட வந்து நிக்கறேன். நான் ஒங்கள மாதிரி பாக்கலைன்னு சொல்ல மாட்டேன்."

சம்பூர்ணத்துக்கு முகம் சுண்டிப்போனது. டவுன் பஸ் வந்து நின்றது. ஸ்டேஷனைத் தாண்டித்தான் அவள் ஊருக்குப் போகும் பஸ். ஏறினாள். அவரும் பின்னாலேயே ஏறினார்.

கண்டக்டர் வந்து கேட்டார். சம்பூர்ணம்தான் வாயைத் திறந்தாள். "எனக்கு ஃப்ரீதான். தம்பிக்கு ஒரு டிக்கெட் குடுங்க. ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்கிட்ட எறங்கறோம்."

பிறகு பிச்சைமுத்துவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்த முடிச்ச எங்கிட்ட குடு தம்பி. அது எங்க கெடந்துச்சுன்னு எனக்குத்தான தெரியும்."