சிட்டுக்குருவிக்காக அடைத்த ஓட்டை

பெங்காலிகள் நிறைந்த பெஹாலாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் உண்டு. ஒரு கொய்யா மரம், துணிக்கொடி, சிமெண்ட் தரை, அவ்வளவுதான். என் கணவர் கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறு வருடமே பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. பேச்சு அடியோடு போகவில்லை. ஒன்றிரண்டு சொற்கள் வரும். வந்தது தான் நினைத்த சொல்தானா என்று அவருக்கே தெரியாது.

காலையில் அவரைப் பின்பக்கம் நாற்காலியில் உட்கார வைப்பேன். மதில்மேல் வரும் சிட்டுக்குருவிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் தச்சரிடம் சொல்லி ஒரு மரக்கூண்டு செய்து சுவரில் மாட்டினேன். ஓட்டையை எவ்வளவு பெரிதாகப் போட வேண்டும் என்று தச்சரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. என் கை தாராளமாக நுழையும் அளவுக்குப் போட்டுவிட்டார்.

குருவிகள் வந்தன. வைக்கோலும் என் துடைப்பத்து ஈர்க்கும் உள்ளே போயின. குஞ்சுகள் கத்தத் தொடங்கிய நாளில் அவர் இடது கையால் என்னைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்டினார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

நான்கைந்து நாள் கழித்து, கூண்டுக்கு நேர் கீழே சிமெண்டில் மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன. இறகு முளைக்காத உடம்பு. மேலே இரண்டு மைனாக்கள் குருவியின் வைக்கோலை இழுத்து இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தன. அவர் பார்ப்பதற்குள் செய்தித்தாளில் வாரி எடுத்தேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

அண்ணி முறை வைத்து நான் பௌதி என்று கூப்பிடும் அடுத்த வீட்டுக்காரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "ஷாலிக் அப்படித்தான் செய்யும்," என்று மைனாவைக் காட்டிப் பெங்காலியில் சொன்னாள். "ஓட்டையைச் சின்னதாக்கிவிடு. சிட்டுக்குருவி நுழையும், ஷாலிக்கால் முடியாது."

அதை உடனே செய்திருக்க வேண்டும். பெங்களூரிலிருந்து மகள் வந்தாள். அவரை டாக்டரிடம் காட்டுவதும் பயிற்சிக்குக் கூட்டிப் போவதுமாக ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதமும் பின்பக்கம் நாற்காலியில் இருந்தவர் அவர் மட்டும்தான். நான் துணி எடுக்கப் போவேன், வந்துவிடுவேன்.

மகள் ஊருக்குப் போன மறுநாள், இரண்டு விரல் நுழையும் அளவு துளை போட்ட பலகை ஒன்றைத் தச்சரிடம் வாங்கி வந்தேன். மைனாக்கள் இரண்டும் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, ஸ்டூல்மேல் ஏறி, பழைய ஓட்டைமேல் வைத்துத் திருகினேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குக் குருவிமேல் இருந்த பரிவைவிட மைனாமேல் இருந்த கோபம்தான் பெரிது. அந்தக் கோபத்தில் பாதிக்கும் மைனாவுக்கும் சம்பந்தமில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

"உள்ள," என்றார் அவர்.

"இதோ ஆச்சு. ரெண்டே நிமிஷம்."

"உள்ள... உள்ள..." இடது கையை ஆட்டினார்.

"வெயில் உறைக்கறதா? சரி, உள்ள போலாம், வாங்கோ."

தூக்கிப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து படுக்க வைத்தேன். அவர் அழுதார். இந்த நோயில் காரணமில்லாமல் அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். அன்று முழுக்க மைனாக்கள் கத்தின. வீடு போன கோபம், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்குத் துணி உலர்த்தப் போனேன். ஒரு மைனா பலகையைப் பற்றிக்கொண்டு, சின்னத் துளைக்குள் தலையை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அலகில் ஒரு வெட்டுக்கிளி இருந்தது.

ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்தேன். ஓடிப்போய்த் திருப்புளியை எடுத்து வந்தேன். பலகையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டேன். மூன்று மைனாக் குஞ்சுகள். இரண்டு சில்லிட்டிருந்தன. மூன்றாவது என் விரல் பட்டதும் வாயைத் திறந்தது.

செத்த இரண்டையும் எடுத்துக்கொண்டு விலகி நின்றேன். கால்மணி நேரம் கழித்துத் தாய் மைனா உள்ளே போயிற்று.

அவர் படுக்கை அருகே போய் உட்கார்ந்தேன்.

"நேத்திக்கு நீங்க சொன்னது கூண்டுக்குள்ளன்னுதானே?"

தலையை ஆட்டினார்.

"நான் காதுல வாங்கிக்கலை. மூணு குஞ்சுல ரெண்டு போயிடுத்து. என்னை மன்னிச்சுடுங்கோ."

அவர் வெகுநேரம் முயன்றார். நான் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தேன். "ஒண்ணு?" என்றார் கடைசியில்.

"ஒண்ணு இருக்கு. சாப்பிடறது."

அந்த ஒன்று பிழைத்துப் பறந்து போனது. மழைக்காலம் முடிந்ததும் கூண்டைக் கழுவிக் காயவைத்து, சின்னத் துளைப் பலகையைப் பொருத்தினேன். இந்த முறை உள்ளே பார்த்துவிட்டுத்தான். மேல்பலகையைத் திறந்து பார்க்கும்படி தச்சர் கீல் வைத்துக் கொடுத்தார். பெரிய ஓட்டை போட்ட இன்னொரு கூண்டைக் கொய்யா மரத்தில், சுவரிலிருந்து முடிந்த அளவு தள்ளி, மைனாக்களுக்கென்று கட்டினேன். பௌதிக்கு அது பிடிக்கவில்லை. கொலைகாரனுக்கு வீடா என்று கேட்டாள். நானும் இரண்டைக் கொன்றவள்தான் என்று அவளிடம் சொல்லவில்லை.

இந்த வருடம் இரண்டு கூண்டிலும் ஆள் இருக்கிறது. மைனாக்கள் இன்னமும் சில காலைகளில் சுவர்ப் பக்கம் வந்து பலகையைக் கொத்திப் பார்க்கின்றன. குருவிகள் கூச்சல் போடும். அவர் நாற்காலியிலிருந்து ஏதோ சொல்லத் தொடங்குவார். நான் கைவேலையைக் கீழே வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன்.