மூன்று கட்டைகளும் பதினெட்டாம் காம்பராவும்

"30 நவம்பர் 2000, வியாழன். காலையில் மூடுபனி. ஐந்தாம் உருட்டு: பதினெட்டு. கட்டைகள்:"

தினசரிக் காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில், முதல் நான்கு உருட்டுகளின் பதிவை விட்டால், என் கையெழுத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. 'கட்டைகள்' என்பதற்குப் பிறகு மூன்று எண்கள் வர வேண்டும். அந்த இரண்டு மாதத்துத் தாள்களில் மற்ற எல்லாவற்றிலும் வந்திருக்கின்றன. இதில் மட்டும் இடம் காலியாகக் கிடக்கிறது. அது ஏன் என்று எழுதிவைக்கத்தான் இதைத் தொடங்குகிறேன்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. குன்னூருக்குக் கீழே, பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் இறங்கிப் போக வேண்டிய ஓர் எஸ்டேட்டில் இருந்தேன். தொழிலாளர் குடியிருப்பை லயம் என்போம்; எங்களுடையது இரட்டை லயம். முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது காம்பரா, ஒவ்வொன்றும் ஒற்றை அறை வீடு. நம்பர் முன்பக்கம் ஒன்றில் தொடங்கி ஒன்பதில் முடியும். கோடியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் பத்திலிருந்து பதினெட்டு வரை திரும்பி வரும். ஒன்றும் இரண்டும் நடுச்சுவரை இடித்துச் சேர்த்த பிள்ளைக் காம்பரா, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். அங்கே ஆயாவாக இருந்தவள் நான். அதன் முதுகில் ஒட்டிய பதினெட்டாம் காம்பராதான் என் வீடு.

குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பூருக்கு இறங்க, குழந்தைகள் குறைந்தார்கள். அந்த வருடம் ஜூன் மாதம் பிள்ளைக் காம்பராவைப் பூட்டி, என் பெயரைக் கொழுந்து பறிக்கும் ஆட்களோடு சேர்த்தார்கள். அண்ணன் குடும்பமும் திருப்பூருக்குத்தான் போயிருந்தது. அங்கே ஓர் அறையில் ஐந்து பேர். "நீயும் வந்துரு" என்று அண்ணன் சொல்லத்தான் செய்தார். சொல்லும்போது அண்ணி பாத்திரம் கழுவப் போய்விட்டார். எனக்கென்று இருந்தது பதினெட்டு ஒன்றுதான்.

செப்டம்பரில் ஆபீசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எங்கள் லயத்துக்கு இனி தினம் ஐந்து வீட்டுக்குத்தான் வேலை, வீட்டுக்கு ஓர் ஆள். எந்த ஐந்து என்பதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கூடவே ஒரு பழைய விதியையும் ஞாபகப்படுத்தினார்கள். வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு நாள் வேலை பதிவதை எங்கள் ஆட்கள் 'பேர் விழுவது' என்பார்கள். மாதம் முழுக்க ஒரு பேர்கூட விழாத காம்பராவின் சாவியை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். சொல்லாமல் ஓடிப்போகிறவர்களுக்காக என்றைக்கோ போட்ட விதி. வேலையே இல்லாத காலத்துக்கும் அது பொருந்துமா என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் முறை வைத்துப் பார்த்தோம். மழையில் பாதி நாள் கலைந்துபோன முறை யாருக்குச் சேரும் என்று சண்டை. ஒருவர் முறையை ஒருவர் மாற்றிக்கொண்டதில் அதைவிடப் பெரிய சண்டை. பிறகு சீட்டு எழுதிக் குலுக்கினோம். பனி ஈரத்தில் சீட்டுகள் ஒட்டிக்கொண்டன; யாரோ தன் சீட்டில் எண்ணெய் தடவியதாகப் பேச்சு வந்தது. கடைசியில், பூட்டிக் கிடந்த ஸ்டாஃப் கிளப்பிலிருந்து தோல் குவளை ஒன்றும் மூன்று பகடைகளும் வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர் பத்தாம் காம்பராவில் இருந்த கங்காணியார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, பெரியவரான பிறகு கப்பலேறி வந்தவர். காலையில் ஆள் கூடி வேலை பிரிப்பது எங்களுக்கு மஸ்டர் என்றால் அவருக்குக் கடைசிவரை பெரட்டுத்தான்.

"மூணு கட்டை. ஆகக் கொறஞ்சா மூணு, ஆகக் கூடுனா பதினெட்டு. நம்ம லயத்துல ஆள் இருக்கிற காம்பரா எது எது? மூணுலருந்து பதினெட்டு. நானா செஞ்சு வச்சேன்?" என்றார்.

கூட்டத்துக்கே மெய்சிலிர்த்துவிட்டது. பதினோராம் வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் குடும்பம் காங்கேயம் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மலையேறியது. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். வாய் சும்மா இருக்காது. "சாமியே எண்ணிக் குடுத்தாப்ல இருக்குதுங்க" என்றாள்.

கட்டைகளை மாரியம்மன் விளக்கடியில் வைத்து எடுத்தோம். மூன்றையும் குலுக்கிப் போட்டு, கூட்டுத்தொகை எந்த எண்ணோ அந்த வீட்டுக்கு வேலை. அன்றைக்கு வந்த எண்ணே மறுபடி வந்தால் இன்னொரு முறை உருட்டுவது. கட்டை விழுந்ததும் கங்காணியார் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். வேறு வேறு வீட்டைச் சேர்ந்த மூன்று பேர் குனிந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் கட்டையைத் தொடலாம். வந்த பேரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. அக்டோபர் முதல் வேலைநாளிலிருந்து இப்படி நடந்தது. அன்றிலிருந்து நானும் கிழித்த காலண்டர் தாளில் எழுதிவைத்தேன். மழை, பனி, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பதை எல்லாம் அதற்கு முன்பும் எழுதிவந்ததால் இது ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான்.

அக்டோபரில் எனக்கு ஒரே ஒரு பேர் விழுந்தது. மூன்றாம் வீட்டுக்கு அதுவும் இல்லை. அங்கே இருந்த கணவனும் மனைவியும் மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டுச் சேரம்பாடியில் உறவினரிடம் போனார்கள். பிள்ளைக் காம்பரா பூட்டு, மூன்றாம் வீடு பூட்டு. எங்கள் கோடியில் பதினேழாம் வீட்டை விட்டால் நான் மட்டும் மிஞ்சினேன்; அவர்களும் பகலில் மறுகோடிக்குப் போய்விடுவார்கள்.

காலையில் மஸ்டர் முடிந்து கூட்டம் கலையும். பேர் விழுந்த ஐந்து பேர் கூடையோடு மலையேறுவார்கள். மற்றவர்கள் ஒன்பது, பத்து இருக்கும் அந்தக் கோடியில் வெயில் பார்த்து உட்காருவார்கள். அங்கேதான் குழாய் இருந்தது. அவர்கள் சிரிப்பது என் வீடு வரை கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. போய் உட்கார்ந்தால் இடம் விடுவார்கள்தான். ஆனால் பேச்சு அன்றைய பேர், நேற்றைய பேர் என்று போகும். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டில் துணிகள் மடித்து வைத்திருந்த பிள்ளைக் காம்பராவில் எலி ஓடும். அந்தச் சத்தத்துக்குக்கூட நான் காது கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் பாதியில் லயத்தில் முணுமுணுப்பு தொடங்கியது. பத்தாம் நம்பர் இரண்டு நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் வருகிறது; பத்து கங்காணியாரின் வீடு. "கெழவன் கையில வித்தை இருக்குது" என்றார்கள். என் தாள்களை எடுத்துப் பார்த்தேன். பத்து வந்த அளவுக்குப் பதினொன்றும் வந்திருந்தது. ஒன்பதும் பன்னிரண்டும் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து இரு பக்கமும் விலக விலக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போனது. ஏமாற்றுகிறவர் தன் வீட்டுக்கு ஏமாற்றுவார். இப்படிச் சரிவு கட்டி எதற்கு ஏமாற்ற வேண்டும்?

குன்னூர்ப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களில் பிளஸ் டூ கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. நிகழ்தகவுப் பாடத்தில் இரண்டு பகடை வரை போட்டிருந்தார்கள். மூன்றாவதை நான்தான் போட வேண்டியிருந்தது. பிள்ளைக் காம்பராவிலிருந்து தூக்கிப்போட்ட லூடோ பெட்டிகளில் சிவப்புக் கட்டை ஒன்று, வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று எடுத்துக்கொண்டேன். ஆளில்லாத பகல்களில் சாக்கை விரித்து உருட்டினேன்.

முதல் நாள் தவறாக எண்ணினேன். ஒன்பதை ஆறு விதமாகச் சேர்க்கலாம்; பத்தையும் ஆறு விதமாகச் சேர்க்கலாம். அப்படியானால் இரண்டும் சமம்தானே என்று குழம்பி நிறுத்திவிட்டேன். மறுநாள் நிறம் வழிகாட்டியது. ஒன்று, மூன்று, ஆறு என்று விழுந்தால் பத்து. அந்த ஒன்று சிவப்பிலும் விழலாம், வெள்ளையிலும் விழலாம், பச்சையிலும் விழலாம்; மற்ற இரண்டும் அப்படியே இடம் மாறலாம். ஆக அந்த ஒரு சேர்க்கை மட்டும் ஆறு வழியில் வரும். மூன்று, மூன்று, மூன்று என்பதற்கு ஒரே வழிதான். இப்படி முழுக்க எண்ணினால் மூன்று கட்டைகளும் விழக்கூடிய வழிகள் இருநூற்றுப் பதினாறு. அதில் பத்துக்கு இருபத்தேழு, பதினொன்றுக்கு இருபத்தேழு, ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இருபத்தைந்து. பதினெட்டுக்கு ஒன்று. மூன்றுமே ஆறாக விழ வேண்டும். வேறு வழி கிடையாது. காலியான மூன்றாம் வீட்டுக்கும் அதே ஒன்றுதான் இருந்தது.

ஒரு மாதத்து உருட்டல்களை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால், பதினெட்டு ஒரு முறையாவது வருவதற்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. மாதாமாதம் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் என்னை வெளியே அனுப்புவதற்குச் சமம். அந்த நவம்பரில் எனக்கு அதுவரை ஒரு பேர்கூட விழவில்லை.

கங்காணியாரிடம் போய்ச் சொன்னேன். நான் புகார் சொல்ல வந்ததாகத்தான் முதலில் நினைத்துக்கொண்டார்.

"நீயுமா தங்கச்சி? நான் கையப் பின்னால கட்டிக்கிட்டுத்தானே நிக்கிறேன்?"

"உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. யார் உருட்டினாலும் பத்துதான் அதிகமா வரும்."

மூன்று கட்டைகளையும் அவர் முன்னால் வைத்து வழிவழியாக எண்ணிக் காட்டினேன். பாதியிலேயே கட்டைகளை வாங்கிக்கொண்டு தானே எண்ணத் தொடங்கினார். நெடுநேரம் கழித்து, "அப்ப மூணாம் காம்பரா…" என்றார். கட்டைகளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம எல்லாருக்கும் சொல்லு. நான் சொன்னா எடுபடாது."

ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த குரலில்தான் எனக்குப் பேச வந்தது. அதுவே தப்பாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

"ஏனுங்க்கா, எங்க ஊட்டு நம்பரு பதினொண்ணுன்னு கட்டைக்கு எப்படித் தெரியும்?" என்றாள் பதினோராம் வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"தெரிய வேண்டாம். பதினொண்ணுக்கு வர்ற வழி அதிகம்."

"வழி என்ன வழி? குன்னூருக்குப் போற குறுக்கு வழியாட்டமா? பதினெட்டும் ஒரு நம்பரு, பதினொண்ணும் ஒரு நம்பரு. போன மாசம் உங்களுக்கு விழுந்துச்சா இல்லீங்களா?"

"விழுந்துச்சு, ஒரு தடவை."

"அப்ப விழுகும்னு ஆச்சில்ல? விழாததைச் சொல்லுங்க, கேக்கறேன்."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "ஆயாவுக்கு வேல இல்ல, கணக்குப் போட்டுப் பொழுது போக்குது. அந்தக் கணக்குலயாவது ஒரு பேர் விழட்டும் பாப்போம்" என்றது. அதற்கும் சிரித்தார்கள். பிறகு சட்டென்று அடங்கினார்கள். எனக்கு இன்னும் பேர் விழவில்லை என்பதும், மாதம் முடியப் போகிறது என்பதும் அப்போதுதான் அவர்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

கங்காணியார்தான் முடிவு சொன்னார். அம்மன் முன்னால் வைத்து எடுத்த கட்டையை மாத நடுவில் மாற்றக் கூடாது. டிசம்பரிலிருந்து வேறு ஏற்பாடு பார்ப்போம். யாரும் மறுக்கவில்லை. டிசம்பர் எனக்கு ஒருநாள் பிந்தி வருகிறது என்பதை நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, புத்தகங்களை அடியில் போட்டு, மேலே புடவைகளை அடுக்கத் தொடங்கினேன். அண்ணனுக்கு எழுதிய கார்டை மட்டும் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன்.

முப்பதாம் தேதி காலையில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனி. மஸ்டர் கொட்டகையில் எப்போதும்போலக் கவிழ்த்த மரப்பெட்டியின் மேல் கட்டை உருண்டது. பதினொன்று. எட்டு. பதின்மூன்று. பத்து. நான்கு முறையும் கங்காணியார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான்கு முறையும் மூன்று பேர் குனிந்து பார்த்துச் சொன்னார்கள். நான்கு முறையும் எழுதினேன்.

ஐந்தாவது உருட்டில் குவளையைக் கவிழ்த்து எடுத்த கங்காணியார், கையைக் கட்டாமல் தானே குனிந்தார். "பதினெட்டு" என்றார். சொன்ன வேகத்திலேயே மூன்று கட்டைகளையும் உள்ளங்கையால் வழித்துக் குவளைக்குள் போட்டுக்கொண்டார்.

என் பென்சில் தாளின் மேல் நின்றது.

"பாத்தது யாரு?" என்று பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான் பாத்தேனுங்க. மூணும் ஆறு" என்றாள் பதினோராம் வீட்டுக்காரி. அவள் பெட்டிக்கு அந்தப் பக்கம், கூடையின் கயிற்றை முடிந்துகொண்டு நின்றாள். "இன்னும் ரெண்டு பேரு பாக்கோணுமா? பனியில எனக்கே பாதி கண்ணுதான் தெரியுது. கெளம்புங்க, நேரமாகுது."

கிளம்பினோம். எனக்கு மேல்வரிசை விட்டார்கள். பனியில் செடியும் என் கையும் மட்டும் தெரிந்தன. கீழ்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே பறித்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அதைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று இருந்திருக்கலாம். சாயங்காலம் செக்ரோலில் எனக்கு ஒரு பேர் விழுந்தது. சாவி என்னிடமே இருந்தது. பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

டிசம்பரிலிருந்து வீட்டு நம்பர் எழுதிய புட்டி மூடிகளைப் பையில் போட்டு எடுத்தார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு மூடி. அப்படி எடுத்ததில் என் வீடும் மற்ற வீடுகளைப்போலவே வந்தது.

பொங்கலுக்குப் பிறகு பதினோராம் வீட்டுக்காரி குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். பஸ் வரை பாத்திர மூட்டையைத் தூக்கிக்கொண்டு உடன் நடந்தேன். அன்று மூன்றும் ஆறுதானா என்று கேட்டுவிட இருமுறை வாயெடுத்தேன். மூட்டை பஸ்ஸில் ஏறியபோது அவளே, "அந்தக் கணக்கு சரிதாங்க்கா. நானும் ஊட்ல உருட்டிப் பாத்தேன்" என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

கங்காணியாரிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். "கட்டையத்தான் கேக்கணும் தங்கச்சி" என்றார். சில வருடங்களில் அவரும் காலமாகிவிட்டார். நான் கேட்டிருக்கக்கூடிய வேறு யாரும் அந்த உருட்டில் பெட்டியின் மேல் குனியவில்லை.

ஒரு குறிப்பிட்ட உருட்டில் மூன்றும் ஆறாக விழ இருநூற்றுப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே அது நடக்க முடியாதது அல்ல. நான் மூன்று எண்களையும் பார்க்கவில்லை. பார்க்காததைத் தாளில் எழுதவில்லை. 2000 நவம்பர் 30 காலை ஐந்தாம் உருட்டில் கட்டைகள் காட்டிய எண்கள்: உறுதி செய்யப்படவில்லை.