ஏழாம் இலக்கத்தின் முடிச்சு

மனேஜர் இருந்தார். கொழும்புக் கந்தோரிலிருந்து வந்த ஐயா இருந்தார். புள்ளித்தாள்களை வாங்கிக் கூட்டுவதற்குக் கந்தோர்ப் பிள்ளை இருந்தாள். கயிறு தெரிந்த ஆள் என்று நான் இருந்தேன். வெளியே நீட்டு வாங்கில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேலை ஒன்றுதான்.

துறைமுகத்தில் எங்கள் கொம்பனிக்கு ஒரு சிறிய இறங்குதுறை உண்டு. லொறியிலும் பார்ஜிலும் ஏற்றிய சாமானை அசையாமல் கட்டுகிற வேலை. நிரந்தரம். நாற்பது வயது முடிந்தவர்களை எடுக்க மாட்டார்கள். நான் எட்டாம் வகுப்புவரை படித்தேன். மற்றதெல்லாம் கயிறு.

முன்பு ஆள் எடுக்கும்போது முதல் கேள்வி எந்த ஊர் என்பது. இரண்டாவது கேள்வி யாருடைய மகன் என்பது. மூன்றாவது கேள்வி தேவைப்படாது. நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன்.

கொழும்பு ஐயா அதை மாற்றினார். விண்ணப்பத்தில் பேரையும் ஊரையும் கறுப்புக் கடதாசி ஒட்டி மறைத்தார். சட்டையில் இலக்கம் குத்தினார். எல்லோருக்கும் ஒரே ஐந்து கேள்வி. மூன்று பேரும் தனித்தனியாகப் புள்ளி போட வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது, கதைக்கக் கூடாது.

மனேஜருக்குப் பிடிக்கவில்லை.

“ஊர் கேக்காம ஆளை எப்பிடி ஐயா மட்டுக்கட்டுறது?”

“வேலையைப் பாத்து.”

“அப்ப பொம்பிளை பாக்கப் போறவன் முகத்தைப் பாக்காமத் தாலியைக் கட்டட்டோ?”

“நீங்கள் கட்டப் போறது சாமானை.”

கந்தோர்ப் பிள்ளை தாளால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

வெளியேயும் பகிடிதான். “இலக்கம் குத்தியிருக்கு மச்சான், ஏலத்துக்கு விடப் போறாங்கள்” என்று ஒருவன் சொன்னது உள்ளே கேட்டது.

ஒருவர் போடுவது இருபது புள்ளி. பதிலுக்குப் பத்து, கயிற்றுக்குப் பத்து. கயிற்றுச் சோதனை நான் வைத்தது. முற்றத்து இரும்புத் தூணில் தண்ணீர் நிரப்பிய பீப்பாவைக் கட்ட வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் பீப்பாவை இழுக்கும். முடிச்சு நின்றால் ஆறு. பிறகு கத்தி வைக்காமல் அவிழ்த்தால் நாலு. அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதினாள்.

ஏழாம் இலக்கம் மெலிந்த ஆள். குறைவாகப் பேசினான். தேய்ந்த கயிறு வந்தால் என்ன செய்வாய் என்று மனேஜர் கேட்டார்.

“வெட்டி எறிவன். முடிச்சுப் போட்டுப் பாவிக்க மாட்டன்.”

நல்ல பதில். பதிலுக்கு ஏழு போட்டேன்.

பிறகு முற்றத்துக்குப் போனோம். அவன் கயிற்றை எடுத்து இடப்பக்கமாகச் சுற்றினான். கடைசி நுனியை மடித்துச் செருகினான்.

பேரை மறைத்தார்கள். ஊரை மறைத்தார்கள். கையை மறைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சாம்பல்தீவில் நாங்கள் வலப்பக்கம் சுற்றுவோம், நுனியை மடிக்க மாட்டோம். இடப்பக்கம் சுற்றி மடித்துச் செருகுகிறவர்கள் கொட்டியார் குடாவுக்கு அப்பால் உள்ளவர்கள். நாங்கள் அக்கரை என்போம். அவன் தமிழனா முஸ்லிமா என்று எனக்குத் தெரியாது. அக்கரை என்று மட்டும் தெரிந்தது.

அந்த முடிச்சை நான் அதற்கு முன் ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருந்தேன். சண்டைக் காலம். என் தம்பி விடியற்காலை வள்ளத்தில் போனான். திரும்பவில்லை. ஆறாம் நாள் வள்ளம் அக்கரையில் நிற்பதாகத் தகவல் வந்தது. நான் போனேன். வலை இருந்தது. சாப்பாட்டு டப்பா இருந்தது. வள்ளம் ஒரு தென்னங்குற்றியில் கட்டியிருந்தது. இடப்பக்கச் சுற்று, நுனி மடிப்பு. யார் கட்டியது என்று கேட்டேன். கரையில் நின்றவர்கள் தெரியாது என்றார்கள். கட்டினவனுக்கு என் தம்பிக்கு நடந்தது தெரியும் என்று அன்று முதல் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபோர்க்லிஃப்ட் இழுத்தது. முடிச்சு நின்றது. இன்னொரு முறை இழுக்கச் சொன்னேன். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்லவில்லை. நின்றது. அவன் நுனியைப் பிடித்து இழுத்தான். அவிழ்ந்தது.

இரண்டு போட்டேன்.

கதைக்கக் கூடாது என்ற சட்டம் அன்று எனக்கு வசதியாகிவிட்டது. ஏன் இரண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை கூட்டினாள். ஒன்பதாம் இலக்கத்துக்கு நாற்பத்து நாலு. ஏழாம் இலக்கத்துக்கு நாற்பது. கடதாசியை உரித்தார்கள். ஒன்பது சாம்பல்தீவு. ஏழு கட்டைபறிச்சான், அக்கரை.

மனேஜர் என் முதுகில் தட்டினார். “பாத்தீரே, சட்டம் போட்டும் உம்மட ஊர்தான்.”

பிழை கண்டால் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம், புள்ளியைத் திருத்தி ஆளை மாற்றலாம் என்று சொல்லிவிட்டுக் கொழும்பு ஐயா வாகனத்தில் ஏறினார்.

வாசலில் ஏழாம் இலக்கம் நின்றான்.

“அண்ணை, முடிச்சு இளகினதோ?”

“இல்லை.”

“அவிழ்க்கேக்க பிழை விட்டனானோ?”

“இல்லை.”

“அப்ப?”

“புள்ளி காணாது.”

அவன் தலையாட்டினான். “இன்னும் ஒரு மாசத்தில எனக்கு நாப்பது முடியுது. இனி ஒரு இடத்திலயும் கேக்க ஏலாது. அதுதான் கேட்டனான், கோவிக்காதேங்கோ.”

போக விட்டிருக்கலாம். கேட்டேன். “உந்த மடிப்பு என்னத்துக்கு?”

“எங்கட கரையில எல்லாரும் இப்பிடித்தான் அண்ணை. ஒதுங்கி வாற வள்ளத்தையும் இப்பிடித்தான் கட்டி விடுறது. உரியவன் வந்தால் ஒரு இழுவையில அவிழ்த்துக்கொண்டு போகட்டும் எண்டு.”

அவன் மூதூர் பஸ்ஸுக்குப் போனான்.

தென்னங்குற்றியில் இருந்த கயிறு எனக்கும் ஒரு இழுவையில்தான் அவிழ்ந்தது.

அந்த மாதம் பல நாள் கந்தோர் வாசல்வரை போனேன். பிள்ளை தலையை நிமிர்த்துவாள். “என்ன அண்ணை?” “ஒண்டுமில்லை.” திரும்பிவிடுவேன். இரண்டை மாற்று என்றால் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். அதற்குத் தம்பியைச் சொல்ல வேண்டும். தம்பியைப் பற்றி நான் வீட்டிலேயே கதைத்ததில்லை.

வேலைக்கு வந்த ஒன்பதாம் இலக்கப் பெடியன் நல்லவன். என்னை மாமா என்பான். அவன் கயிற்றை எடுக்கும் போதெல்லாம் பக்கத்தில் இன்னொரு ஆள் நிற்பது என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது. மெலிந்த ஆள். என் கையைத்தான் பார்ப்பான். நான் அந்தப் பக்கம் திரும்புவதை விட்டேன்.

ஒரு நாள் பார்ஜில் சீமெந்து மூடை நனையாமல் மேலே படங்கை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“மாமா, என்ன உது? அக்கரைக் கட்டெல்லோ!”

பார்த்தேன். இடப்பக்கம் சுற்றியிருந்தது. நுனி மடித்திருந்தது. நான் கட்டினது. அந்த முடிச்சை நான் ஒருநாளும் பழகவில்லை.

“அவிழ்க்கட்டே மாமா?”

“விடு. நிக்கும்.”

அந்த மாதம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கந்தோருக்குள் போய்க் கதிரையில் இருந்தேன். பிள்ளையின் மேசைக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

“பிள்ளை, ஏழாம் இலக்கத்தின்ர தாளுகளை எடு.”

“இப்பவோ? நாள் முடிஞ்சுதே அண்ணை.”

“தெரியும்.”

எடுத்தாள். மூன்று தாள். என் தாளில் விரலை வைத்தேன்.

“கயிற்றுக்கு ரெண்டு போட்டிருக்கு. பிழை. பத்து.”

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “முடிச்சு நிண்டதுதானே? நானும் யன்னலால பாத்தனான்.”

“ஓம்.”

“அப்ப அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. இப்ப ஆளுக்கு வயசும் கடந்திட்டுது. மாத்த ஏலாது.”

“மாத்த வேண்டாம். கூட்டிச் சொல்லு.”

பென்சிலை எடுத்தாள். மனேஜரின் பதினாறு. கொழும்பு ஐயாவின் பதினைந்து. என்னுடைய பதினேழு.

நாற்பத்தெட்டு.