ஜல்திக்குப் பால் வைத்தவள்

ஆரணியில் எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருப்பவர் சிவசங்கரி அக்கா. தறியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வரமாட்டார்கள் என்று தூக்கில் டீயை ஊற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார். சில வருடங்களுக்கு முன்பு வரை அவருக்கு முன்னால் ஜல்தி ஓடிவரும். செம்பட்டை நிற நாய். ஒரு காது எப்போதும் மடிந்தே இருக்கும். நின்ற இடத்தில் நிற்காது என்பதால் அந்தப் பெயர். அதன் நகம் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் கேட்டதுமே நாங்கள் தறி நாடாவை வைத்துவிட்டு டம்ளரைத் தேடுவோம். இன்றைக்கும் சாயங்காலமானால் என் காது அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கிறது.

அக்காவுக்குச் சொந்த ஊர் தெள்ளார் பக்கம். கணவர் இறந்த பிறகு இங்கே வந்து தனியாகக் கடை போட்டார். ஒரு மழை நாளில் பெஞ்சுக்கடியில் ஒண்டிய குட்டிதான் ஜல்தி. அக்கா முதல் பாலை அதற்குத்தான் வைப்பார். குட்டியில் ஒரு தடவை வெறிநோய் ஊசி போட்டதோடு சரி. வருஷா வருஷம் போட வேண்டும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள் ஜல்தி பெஞ்சுக்கடியை விட்டு வெளியே வரவில்லை. கூப்பிட்டால் குரைக்கவும் இல்லை. எதிர்வீட்டு நெசவாளி பரசுராமன் வழக்கம்போல் குனிந்து பொறை ரொட்டியை நீட்டினார். சத்தமே இல்லாமல் அவர் கையைக் கவ்விவிட்டது. இரண்டு பல் தடம், கொஞ்சம் ரத்தம்.

யாரோ காயத்தில் அப்ப மிளகாய்த்தூள் எடுத்து வந்தார்கள். அக்கா அதைத் தட்டிவிட்டு, நாயை உள்ளேயே விட்டுக் கடை ஷட்டரை இழுத்து மூடினார். பரசுராமனைத் தெருக்குழாயடிக்கு இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

"இன்னா சங்கரி, நம்ம ஜல்திதானே! பாவு பாதியில நிக்குது, விடும்மா."

"காலைலேர்ந்து பால் பக்கமே திரும்பலண்ணா. எச்சி ஊத்திகினு கெடக்குது. எங்க அண்ணன இப்படித்தான் ஒரு நாய் கடிச்சுது. மந்திரிச்சு கயிறு கட்டிகினு வந்தாங்க. காயமும் ஆறிடுச்சு. அப்புறம் ஒரு நாள் தண்ணி சொம்பப் பாத்து அலறினான். அதுக்கு மேல எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியல. கைய எடுக்காதீங்க, தண்ணியிலயே காட்டுங்க."

கால் மணி நேரம் கழுவினார். இருவரும் ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குப் போனார்கள்.

அங்கே நர்ஸ் காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார். கட்டுக் கட்ட வேண்டாம், திறந்தே இருக்கட்டும் என்றார். பிறகு, "நாய் யாரோடது?" என்று கேட்டார்.

"என்னோடதுங்க. என்னை ஒண்ணும் கடிக்கல."

"நக்கிச்சா? கையில புண்ணு எதனா இருக்குதா?"

அக்கா தன் விரல்களைப் பார்த்தார். பாய்லரில் சுட்டுக்கொண்ட இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. முந்தின நாள் அந்தக் கையைத்தான் ஜல்தி நக்கியிருந்தது.

"எச்சி புண்ணுல பட்டாலும் அதே ஆபத்துதாம்மா. நீங்களும் உக்காருங்க" என்றார் நர்ஸ்.

மறுநாள் ஜல்தி கடைக்குள்ளேயே செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவமனையிலிருந்து கையுறை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எடுத்துப் போனார்கள். அக்கா அழவில்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கடையைக் கழுவிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

காயம் ஆறியதும் மிச்ச ஊசிகளுக்குப் போகாமல் பரசுராமன் நழுவப் பார்த்தார். முகூர்த்தச் சேலை ஒன்று தறியில் இருந்தது.

"கைதான் ஆறிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி? ஒரே பேஜார்."

"ஊசி போட்டுகினு வாங்க. அதுவரிக்கும் உங்களுக்கு டீ கிடையாது" என்று தூக்கோடு அவர் வாசலைத் தாண்டிப் போய்விட்டார் அக்கா. மத்தியானம் வரை தாக்குப்பிடித்தார் மனுஷன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைசி ஊசிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில்தான் அக்கா உடைந்து அழுதாராம்.

"கடைசியா ஒரு தடவ தடவிக் குடுக்கக்கூட இல்லண்ணா. மூஞ்சிக்கு நேரா ஷட்டர இழுத்துட்டேன்."

"நீ இழுத்ததாலதான் தெருவுல வேற யாரையும் கடிக்கல. அதுக்கு வந்தது வியாதிம்மா. அது இன்னா பண்ணும், நீ இன்னா பண்ணுவ?"

பரசுராமன் பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். இப்போது கடையைச் சுற்றி மூன்று நாய்கள் படுத்திருக்கின்றன. வருஷம் தவறாமல் ஒவ்வொன்றாக ஆட்டோவில் ஏற்றி ஊசி போட்டு வருகிறார் அக்கா. பரசுராமன்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடப் போகிறார். அன்றைக்கு வாங்கிக் கொடுத்த டீ வெறும் வெந்நீர் என்று அக்கா இன்னமும் அவரைக் கேலி செய்வதுண்டு.